ஆட்டிசத்தில் ‘தான்’, திருநங்கையில் ‘நாம்’

எங்கள் ஒன்றுவிட்ட அக்காவின் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று கோயமுத்தூரில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தபோது அதற்கு 4 வயது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, எங்கள் அம்மிச்சி, கேட்டார்: “என்ன பேரு சொன்னாங்க?”

“ஆட்டிசம்.”

பிள்ளை வாசலில் நின்று இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகத் தூக்கிப் படபடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. மகிழ்ச்சி வந்தாலும் பயம் வந்தாலும் அப்படித்தான். அம்மிச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். “அட, கையை ஆட்டறதுக்கு ஒரு பேரா? இதச் சொல்றதுக்கா அத்தன ரூவா வாங்குனான்?”

அன்று எல்லோரும் சிரித்தோம். சொல்லின் உண்மையான வேரைத் தெரிந்துகொண்ட பிறகு, அம்மிச்சியின் விளக்கம் டாக்டர்களுடையதை விட மோசமில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. கண்ணால் கண்டதைத்தானே அவர் சொன்னார்.

வேர் கிரேக்கம். ‘ஆட்டோஸ்’ என்றால் தான், தானே. தெருமுனையில் நிற்கும் ஆட்டோவும் ஆட்டிசமும் இந்த வகையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டிக்கு மேனாட்டார் வைத்த பெயரின் முன்பாதி ரிக்‌ஷாவோடு ஒட்டி, பிறகு ரிக்‌ஷாவையும் கழற்றிவிட்டு ஆட்டோ ஆயிற்று. ஈழத்தில் இரண்டையும் ‘ஓ’ போட்டு ஓட்டோ, ஓட்டிசம் என்பார்கள். உறவு அங்கேயும் கெடவில்லை.

இந்த ‘ஆட்டோஸ்’ மனநோய் மருத்துவத்துக்குள் நுழைந்த இடம் சூரிச். அங்கே புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையின் தலைவர் ஆய்கன் ப்ளாய்லர். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தவரும் இவரே. அந்நோய் கண்டவர்கள் வெளியுலகை விட்டுத் தமக்குள் போய்விடும் நிலையைக் குறிக்க ‘ஆட்டிஸ்முஸ்’ என்றொரு சொல்லைச் செய்தார். 1911-இல் வந்த அவருடைய பெரிய நூலில் அது நிலைபெற்றது. ஃபிராய்டு வழங்கிய ‘ஆட்டோ எரோட்டிசம்’ என்பதற்கு ஏறக்குறைய ஈடானது தம் சொல் என்று ப்ளாய்லரே குறித்திருக்கிறார். நடுவிலிருந்த ‘எரோஸ்’, அதாவது காமம், உருவி எடுக்கப்பட்டு ‘தான்’ மட்டும் மிஞ்சியது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆசை கிடையாது, உடலைப் பற்றிய எண்ணம் கிடையாது, எத்தனை வயதானாலும் குழந்தைதான் என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள், தெரியாமலே ப்ளாய்லரின் கத்தரிக்கோலைப் பிடித்திருக்கிறார்கள்.

ஏறக்குறைய அதே நாளில், அதே ஜெர்மன் மொழியில், பெர்லினில் இன்னொரு மருத்துவர் வேறொரு சொல்லைச் செய்துகொண்டிருந்தார். மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு. ஆணாய்ப் பிறந்து பெண்ணுடையிலும் பெண்ணாய்ப் பிறந்து ஆணுடையிலும் வாழ விரும்புகிறவர்களைப் பற்றி 1910-இல் ‘டி டிரான்ஸ்வெஸ்டிட்டன்’ என்ற நூலை வெளியிட்டார். ‘டிரான்ஸ்’ லத்தீன், கடந்து, அக்கரைக்கு என்று பொருள். 1919-இல் அவர் நிறுவிய பாலியல் ஆய்வுக் கழகத்தை 1933 மே மாதம் நாஜிகள் சூறையாடி நூலகத்தைப் பொதுச் சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். இன்று வழங்கும் ‘டிரான்ஸ்ஜெண்டர்’ பின்னால் வந்தது. ஜான் ஆலிவன் என்ற அமெரிக்க மருத்துவரின் 1965 நூலில் அது தலைகாட்டுகிறது.

ஆக ‘தான்’ என்ற சொல்லும் ‘கடந்து’ என்ற சொல்லும் ஒரே மொழியில் ஓராண்டு முன்பின்னாகப் பிறந்தவை. இரண்டும் ஒரே ஆளைக் குறிக்க நேரும் என்று அந்த இரண்டு மருத்துவர்களும் நினைத்திருக்கமாட்டார்கள்.

‘ஆட்டிசம்’ ஸ்கிசோஃப்ரினியாவை விட்டுக் குழந்தைகளிடம் வந்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். மாஸ்கோவில் குருனியா சுகரேவா 1925-இலேயே 6 சிறுவர்களை நுட்பமாக விவரித்தார். பெண் என்பதாலும் யூதர் என்பதாலும் சோவியத்துக்காரர் என்பதாலும் மேற்கு அவரை மறந்தது என்று சொல்வார்கள். 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 8 ஆண், 3 பெண். 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். இவர் ஒரு படி மேலே போய், ஆட்டிச ஆளுமை என்பது ஆண் அறிவின் எல்லைகடந்த வடிவம் என்றார். கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் 2002-இல் அதையே ‘மிகை ஆண் மூளை’ என்று கோட்பாடாக்கினார். அப்படியானால் ஆட்டிசம் உள்ள திருநங்கையை என்ன செய்வது? ஆண்மை மிகுந்துபோன மூளை ‘நான் பெண்’ என்று ஏன் சொல்கிறது? கோட்பாடு இங்கே வாய்மூடிக்கொள்கிறது.

தமிழுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். பத்திரிகைகள் ‘மன இறுக்கம்’ என்றன. தேர்வுக்கு முந்தின இரவு எனக்கும் உங்களுக்கும் வருவதும் மன இறுக்கம்தான். ‘மதியிறுக்கம்’ என்று திருத்தினார்கள். மதி எங்கே இறுகியது என்று யாரும் சொல்லவில்லை. ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்பதில் தன்முனைப்பு குறைந்ததா, தன்முனைப்பே குறையா என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். அரசு அலுவலகப் பலகைகளில் இருப்பது எல்லாவற்றையும் விட நீளம்: ‘புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’. ஒரு மனிதரை முதலில் ‘அற்றவர்’ ஆக்கிவிட்டுப் பிறகு ‘உடையவர்’ ஆக்கும் பெயர் இது.

அதுவும் பொய். புற உலகம் இவர்களுக்கு இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. நமக்குக் கேட்காத டியூப்லைட்டின் ரீங்காரம் கேட்கிறது, சட்டைக் காலரில் தைத்த லேபிள் முள்ளாய்க் குத்துகிறது, மூன்றாவது வீட்டில் தாளிக்கும் கடுகின் நெடி கண்ணைக் கரிக்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது கையை ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

மொழிபெயர்த்தவர்கள் பக்கத்திலேயே கிடந்த ஒரு சொல்லைக் குனிந்து எடுத்திருக்கலாம். ‘தான்’. கிரேக்கத்து ஆட்டோஸுக்கு இதைவிட நேரான ஈடு இல்லை. அதோடு ஆட்டோஸுக்கு இல்லாத ஒரு பெருமையும் இதற்கு உண்டு. ஆட்டோஸ் ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம், இரண்டுமல்லாததற்கு ஒரு வடிவம் என்று பிரியும். தமிழின் ‘தான்’ பிரியாது. தொல்காப்பியர் இதை விரவுப்பெயர்களில் சேர்க்கிறார். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொது. தான் வந்தான், தான் வந்தாள், தான் வந்தது. மூன்றிலும் எழுவாய் ஒன்றே. ஆணா பெண்ணா, மனிதரா மரமா என்பதை வினைமுற்றின் கடைசி எழுத்து வந்து சொல்கிறது. ‘நான்’ இன்னும் மேல்: வந்தேன், போனேன், அழுதேன் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினாலும் தமிழில் ஒருவர் தன் பாலைக் காட்ட வேண்டியதில்லை. வம்பு தொடங்குவது மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போதுதான்.

இதே ‘தான்’ தமிழில் ‘தான்தோன்றி’ என்றும் வழங்கும். கோயிலில் தான்தோன்றீஸ்வரர் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை தான்தோன்றியாக வளர்ந்தால் அதன் கன்னத்தில் போடுகிறோம்.

பால் கடந்தவர்களுக்கான பெயர்களைத் தமிழ் வேறு விதமாக நடத்தியது. பழைய சொல் பேடு, பேடி. சிலப்பதிகாரம் சொல்லும் 11 ஆடல்களில் ஒன்று காமன் ஆடிய பேடு. இவர்களைக் குறிக்கத் தனி விகுதி இல்லை, உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்பார்கள் என்று தொல்காப்பியம் விதித்தது. நன்னூல் இன்னும் கூர்மையானது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால் என்கிறது. பிறந்த உடலை விட்டுவிட்டு அவாவை அளவுகோலாக வைத்த அந்த விதியைக் கண்டு, 13-ஆம் நூற்றாண்டில் இப்படி ஒருவர் எழுதினாரா என்று நான் வியந்ததுண்டு. வியந்து முடிப்பதற்குள் அடுத்த அடி வருகிறது: இருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர். நன்னூலின் ஆசிரியர் பவணந்தி ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார். அந்த அஃறிணைக்குப் பிறகு வருகிறேன்.

பிறகு ‘அலி’ வசைச்சொல்லாகிக் கிடந்தது. கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் சடங்கிலிருந்து ‘அரவாணி’ பிறந்தது. 1990-களுக்குப் பின் செய்தித்தாள்கள் அதை எடுத்துக்கொண்டன. மதிப்பான சொல்தான். ஆனால் தாலியறுத்தவள் என்ற நிழல் அதில் இருக்கிறதே என்று அவர்களில் பலரே கேட்டார்கள். 2008-இல் கலைஞர் ஆட்சியில் இந்தியாவிலேயே முதல் முறையாக நலவாரியம் அமைந்த காலத்தில் ‘திருநங்கை’ அரசுச் சொல்லாயிற்று. திருநம்பி பின்னால் வந்து சேர்ந்தார். இருவருக்கும் பொதுவாகத் திருநர்.

‘நங்கை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தம் + கை தங்கை, தம் + பி தம்பி. அதே வாய்பாட்டில் நம் + கை நங்கை, நம் + பி நம்பி. சங்கப் பாடல்களில் வரும் எங்கையும் இந்தக் குடும்பம்தான். நங்கைக்குள் இருப்பது ‘நாம்’. தமிழ் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே நிற்பார், நாம் என்றால் அவரும் உள்ளே. திருநங்கை என்று சொல்லும்போது, சொல்பவரையும் கேட்பவரையும் சேர்த்து உறவாக்கிக்கொள்ளும் ஒரு சொல்லைச் சொல்கிறோம். வைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா என்பது வேறு கேள்வி. சொல் அப்படி அமைந்துவிட்டது.

ஒரு பெயரில் ‘தான்’, மற்றொன்றில் ‘நாம்’. இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்கள் எத்தனை பேர்?

ஆம்ஸ்டர்டாமின் பாலினச் சிகிச்சை மையத்துக்கு வந்த 204 சிறார்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களில் நூற்றுக்கு 7.8 பேருக்கு ஆட்டிசம் என்றது. 2020-இல் கேம்பிரிட்ஜின் வருண் வாரியரும் உடனிருந்தவர்களும் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். திருநரிடையே ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு வரை அதிகம். ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. எனக்குப் பிடித்த ஊகம் எளிமையானது: ஊர் என்ன நினைக்கும் என்ற கணக்கை மனத்துக்குள் ஓட்டி ஓட்டித்தான் நம்மில் பலர் ஆணாகவும் பெண்ணாகவும் நடந்துகொள்கிறோம். அந்தக் கணக்கு தானாக ஓடாதவர்கள் தனக்குத் தோன்றியதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் அக்கா பிள்ளை சொன்னது 23-ஆவது வயதில். சுற்றிவளைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், “நான் பெண்தான். பேரை மாத்தணும்” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாள். அக்கா அழைத்துப்போன மனநல மருத்துவர், பெரிய பெயர் உள்ளவர், பிள்ளையை வைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: “ஆட்டிசம் இருக்கற பசங்க ஒரு விஷயத்தப் புடிச்சா விடாது. இதுக்கு இப்ப இது புடிச்சிருக்கு. அது சொல்றத எல்லாம் நம்பாதீங்க.”

இவளுக்குச் சின்ன வயதிலிருந்து ரயில் அட்டவணை மனப்பாடம். சேரன் எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாள்: “மாமா, எனக்கு ரயில்தான் ரொம்பப் புடிக்கும். அதுக்காக நான் ரயில்னு என்னைக்காவது சொன்னேனா?”

அந்த மருத்துவரின் வாக்கியத்தில் வந்த ‘அது’வைக் கவனித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நானும் அவளை அப்படித்தான் எழுதினேன். 4 வயதில் அது செல்லம். ‘அது தூங்குது, அதுக்குப் பசிக்குது’ என்று எல்லாக் குழந்தைகளையும் சொல்வோம். மற்றக் குழந்தைகள் வளர்ந்து அவனாகவும் அவளாகவும் ஆகிவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் 23 வயதிலும் ‘அது’வாகவே நிற்கிறார்கள். பவணந்தியின் மூன்றாவது அடி பேடுக்கென்று எழுதப்பட்டது. இன்றைக்கு அது ஆஸ்பத்திரி அறைகளில் வேறொரு வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவருக்கே இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அஃறிணை.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2023 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ஓர் அவசர விதி கொண்டுவந்தார்: பாலின மாற்றச் சிகிச்சை கேட்டு வருபவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் அந்த விதிதான். அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு 7 ஆண்டு முன்பு, அரிசோனாவின் மேசா நகரில் கேடன் கிளார்க் என்ற 24 வயதுத் திருநம்பி இறந்தார். ஆட்டிசம் உள்ளவர். உணர்வு கட்டுமீறித் தன்னைத்தானே அறைந்துகொள்ளும் நேரத்தில் சாம்சன் என்ற நாய் வந்து கையைத் தடுத்து அணைக்கும் வீடியோவால் உலகம் அறிந்தவர். ஆட்டிசம் சரியாகும்வரை ஹார்மோன் கிடையாது என்று சிகிச்சையாளர் மறுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஆட்டிசம் சரியாகும் நாள் எது? 2016 பிப்ரவரியில், அவர் தற்கொலை செய்துகொள்ளப்போகிறார் என்ற தகவலின் பேரில் வந்த போலீசார் சுட்டதில் உயிர் போயிற்று. அதே ஆண்டு ஜூனில், ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பொன்றும் திருநர் உரிமை அமைப்புகளும் கூட்டாக அறிக்கை விட்டன: தம் பாலைத் தாமே அறிந்து சொல்லும் உரிமையை ஆட்டிசம் பறிக்காது என்று. 2018-இல் ஜான் ஸ்ட்ராங் முதலான வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. சிகிச்சையை மறுக்க ஆட்டிசம் காரணமாகாது, நேரம் கூட்டிக் கொடுங்கள், நேராகப் பேசுங்கள்.

கானரின் 1943 கட்டுரையில் ஒரு குறிப்பு உண்டு. அந்தப் பிள்ளைகள் ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்றார்கள்; பிறர் தம்மை அழைத்ததைக் கேட்டபடியே திருப்பிச் சொன்னார்கள். இதைப் பெரிய குறையாக எண்ணி, ‘நான்’ சொல்லவைப்பதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு ‘நான்’ சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, ‘நான் பெண்’ என்று அந்த வாக்கியத்தை முடித்ததும், உனக்கு நீ யார் என்று தெரியாது என்கிறார்கள்.

இந்த ‘தான்’ மருத்துவர்களிடமிருந்து உரியவர்களிடம் திரும்பி வரத் தொடங்கியதை ஒரு நாளோடு இணைத்துச் சொல்ல வேண்டுமானால், 1993-இல் டொரான்டோவில் நடந்த ஆட்டிச மாநாட்டைச் சொல்வேன். பெற்றோர்கள் நிறைந்த அவையில் ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் பேசினார். எங்களை நினைத்துத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பது பேச்சின் சாரம். சின்க்ளேர் ஊடுபாலினராகப் பிறந்தவர், பெண்ணாக வளர்க்கப்பட்டவர், ஆண் பெண் இரண்டையும் ஏற்காதவர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘ஹி’யா ‘ஷி’யா என்று திணறுகிறார்கள்; எனக்குத் தமிழில் ‘அவர்’ என்ற ஒரு சொல்லில் வேலை முடிந்துவிட்டது. 1999-இல் அவர் எழுதிய கட்டுரையில் இன்னொரு நுட்பம்: ஆண்தன்மை உள்ள ஒருவர், பெண்தன்மை உள்ள ஒருவர் என்று யாரும் சொல்வதில்லை, ஆட்டிசத்தை மட்டும் ஏன் கழற்றி மாட்டும் சட்டை போல ‘உள்ளவர்’ என்கிறீர்கள்? நம் பத்திரிகைகள் இன்னும் ‘ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட’ என்ற இடத்திலேயே நிற்கின்றன. நான் இந்தக் கட்டுரை முழுக்க ‘உள்ளவர்’ என்றே எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லதைத் தமிழ் இன்னும் செய்யவில்லை.

வென் லாசனின் வாழ்க்கை இந்தச் சொல்லின் வரலாற்றை அப்படியே நடித்துக்காட்டுகிறது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் உளவியலாளர். இளமையில் ஸ்கிசோஃப்ரினியா என்று முத்திரை குத்தி, 25 ஆண்டுக் காலம் அதே பெயரில் வைத்திருந்தார்கள். 1994-இல், 42-ஆம் வயதில், ஆட்டிசம் என்று திருத்தினார்கள். அறுபதை ஒட்டிய வயதில் தான் ஆண் என்று அறிவித்துப் பெயரை மாற்றிக்கொண்டார். ‘ஆட்டிஸ்முஸ்’ ஸ்கிசோஃப்ரினியாவுக்குள் பிறந்து, பிரிந்து, தனியே நின்று, கடைசியில் ‘தான்’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்த பாதைதான் அது. அவருடைய தொடக்க கால நூல்களில் பழைய பெயர் அச்சாகியிருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

இனி ‘நாம்’. பெயருக்குள் இருக்கும் நாம், வீட்டுக்குள் எப்படி இருக்கிறது?

வீட்டை விட்டு வந்த திருநங்கைகளை ஏற்றுக்கொள்வது ஜமாத். அங்கே குரு உண்டு, சேலா என்னும் சீடர் உண்டு, நானி என்னும் பாட்டி உண்டு. மூத்தவரைக் கண்டால் ‘பாம்படுத்தி’ என்று வணங்க வேண்டும்; காலில் விழுகிறேன் என்னும் வடநாட்டுத் தொடர் தேய்ந்து வந்த சொல் அது. எங்கள் அக்கா பெண் ஒரு தடவை போய் 12 நாள் இருந்தாள். எனக்கு வியப்பாக இருந்த செய்தி, அந்த விதிகள் அவளுக்குப் பிடித்துப்போயின. யாரை முதலில் வணங்குவது, எப்படி வணங்குவது, எங்கே உட்காருவது எல்லாம் வாய்விட்டுச் சொல்லித்தரப்பட்டன. “நம்ம சொந்தக்காரங்க வீட்ல இதெல்லாம் யாரும் சொல்லமாட்டாங்க மாமா. தப்புப் பண்ண அப்பறந்தான் மொறைப்பாங்க” என்றாள்.

தாங்க முடியாமல் போனது கைதட்டல். உள்ளங்கை விரித்து அறையும் அந்தத் தட்டலில்தான் ஒரு கூட்டத்தின் கோபம், கேலி, தற்காப்பு எல்லாம் இருக்கிறது; தெருவில் நாலு ஆண்கள் சூழ்ந்துகொண்டால் அதுதான் ஆயுதம். இவளுக்கு ஒவ்வொரு தட்டலும் காதுக்குள் பட்டாசு. கடைகடையாகக் காசு கேட்கப் போன இடத்தில் ஹாரன், ஸ்பீக்கர், தட்டல் மூன்றும் சேர்ந்ததில் ஒரு ஜவுளிக்கடைப் படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குருவம்மா திட்டவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். “உனக்கு இது ஆவாது கண்ணு, ஆனா நீ எங்க புள்ளதான்” என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் கை மெல்ல ஆடியது.

வெளியே வேறு தொல்லை. அவளுக்கு மல்லிகைப்பூ வாசம் ஆகாது, தலை பிளக்கும். பட்டு உறுத்தும். காதில் தோடு போட்டால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். துவைத்துத் துவைத்து மெலிந்த காட்டன் சுடிதார், லேபிள் வெட்டியது, துப்பட்டா இல்லை. பூ வைக்காத, தோடு போடாத, சிரிக்கச் சொன்னால் சிரிக்காத ஒருத்தி எப்படிப் பெண் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பெண்ணாய்ப் பிறந்த, ஆட்டிசம் உள்ள பெண்களும் இதே பூவையும் இதே தோட்டையும் வேண்டாம் என்கிறார்கள். அவர்களை யாரும் பெண் இல்லை என்று சொல்வதில்லை. இவளுக்கு மட்டும் பூ ஒரு சான்றிதழ்.

ஆங்கிலத்தில் இந்த இரட்டை வாழ்வுக்கென்றே சொற்கள் முளைத்துவிட்டன. ஜூடி சிங்கர் 1998-இல் எழுதிய ஆய்வேட்டில் வந்த ‘நியூரோடைவர்சிட்டி’யை நாம் நரம்பியல் பன்மை என்கிறோம். திருநங்கையும் ஆட்டிசம் உள்ளவருமான நிக் வாக்கர் அதையும் ‘குயர்’ என்பதையும் கோத்து ‘நியூரோகுயர்’ என்றார். தமிழில் குயருக்குப் பால்புதுமையர் என்ற நல்ல சொல் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022-இல் அரசிதழில் வந்த சொற்பட்டியலும் இந்தத் துறைக்கு மரியாதையான பெயர்களைக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றைச் சொல் நம்மிடம் இல்லை. ஒருநாள் அவளிடமே கேட்டேன், என்ன சொல்லலாம் என்று. ரொம்ப நேரம் யோசித்தாள். “நங்கைன்னு சொன்னாப் போதும். கை ஆடறத பாத்தாலே மீதி தெரியுமே” என்றாள். அம்மிச்சி இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

அம்மிச்சி கடைசிவரை அவளைத் தம்பி என்றும் கூப்பிடவில்லை, பாப்பா என்றும் கூப்பிடவில்லை. ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். கொங்கு நாட்டில் சாமி, கண்ணு, தங்கம் எல்லாம் பால் காட்டாத விளிகள்.

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். முதல் நாளில் பெற்றோர்களும் மருத்துவர்களும் மேடையேறுகிறார்கள். இரண்டாவது நாளில் திருநங்கைகளே மேடையேறுகிறார்கள். நடுவில் 12 நாள். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றுத்திறனாளியாகவும், அலி என்ற சொல்லைத் திருநங்கையாகவும் ஒரே ஆட்சிக் காலத்தில் மாற்றிக்காட்டிய அரசு இது. ‘புற உலக சிந்தனையற்ற’ என்ற அடைமொழியை அதே அரசின் பலகைகள் இன்னும் சுமக்கின்றன. அதை அழித்துவிடுங்கள். புதிதாக என்ன எழுதுவது என்று தெரியவில்லையானால் அம்மிச்சிக்குப் புரிந்த அளவில் ‘ஆட்டிசம்’ என்றே இருக்கட்டும். அதற்கும் மேலாக ஒரு பெயர் வைக்க நினைத்தால், பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பெயருக்குரியவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.